3.24 கிலோவாட் பேனல், உச்சி வெயிலில் 2.35 தான் வருது. மீதி எங்கே போகுது?

#1 திருச்சிக்கூரை

முதலில் விவரம். 540 வாட் மோனோ பெர்க் (ஒரு வகை சிலிக்கான்) பேனல் 6, எல்லாம் ஒரே ஸ்ட்ரிங், அதாவது தொடராக ஒரே வரிசை. 3 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர், வாரிய லைனோடு இணைந்தது, பேட்டரி கிடையாது. தெற்கு பார்த்து 12 டிகிரி சாய்வு, பேனல்கள் நெடுக்குவாட்டில். பேனல் முதுகில் இருக்கும் லேபிள்: ஓப்பன் சர்க்யூட் 49.4 வோல்ட், உச்சத்திறன் புள்ளியில் 41.6 வோல்ட், 13 ஆம்பியர்.

மே மாத வெயில், மேகமே இல்லை, மதியம் பன்னிரண்டேகால். ஆப்பில் டிசி பக்கம் 213 வோல்ட், 11.4 ஆம்பியர். ஏசி பக்கம் 2.35 கிலோவாட். இதுக்கு மேல ஏறவே இல்லை.

இன்னொன்று. சாயங்காலம் 4 மணிக்கு 1.35 கிலோவாட் வந்துக்கிட்டிருக்கும். மேற்கே இருக்கிற தண்ணீர் டேங்க் நிழல் கடைசி பேனலின் கீழ்ப்பாதியில் விழுந்ததும் 0.88க்கு இறங்கிடுது. ஆறில் ஒரு பேனல், அதிலும் பாதிதான் நிழல். போனது மூணில் ஒரு பங்கு. பேனல் கோளாறா, இன்வெர்ட்டர் கோளாறா? அப்படியே இந்தச் சில்லுக்குள் வெளிச்சம் எப்படிக் கரண்ட் ஆகுதுன்னும் யாராவது விளக்கினால் நல்லது. "ஒளி பட்டால் எலக்ட்ரான் ஓடும்" என்கிற ஒற்றை வரியைத் தாண்டி.

#2 குறைகடத்தி

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

பேனலில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 0.15 முதல் 0.18 மி.மீ. தடிமனுள்ள சிலிக்கான் தகடு. அதன் பெரும்பகுதியில் போரான் அல்லது காலியம் கலந்திருக்கும். இவற்றின் வெளிக்கூட்டில் 3 எலக்ட்ரான்தான், சிலிக்கானில் 4. ஒன்று குறைவதால் அங்கே மின்துளைகள் மிகுதி. தகட்டின் மேல்முகத்தில், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த ஆழத்துக்கு, 5 எலக்ட்ரான் கொண்ட பாஸ்பரஸை ஊடுருவ விடுவார்கள். அங்கே எலக்ட்ரான் மிகுதி. இரண்டும் சந்திக்கும் எல்லையில் (சந்தி என்பது இதுதான்) எலக்ட்ரான்கள் ஒரு பக்கமும் துளைகள் மறுபக்கமுமாகக் கொஞ்சம் கடந்துபோக, அசையாத அயனிகள் பின்தங்கி, அங்கே நிரந்தரமாக ஒரு மின்புலம் நின்றுவிடும். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கேயே இருக்கும்.

ஒரு ஃபோட்டான் உள்ளே வந்து, அதன் ஆற்றல் 1.12 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் இருந்தால், பிணைப்பில் இருக்கும் ஒரு எலக்ட்ரானை விடுவிக்கும். எலக்ட்ரான், துளை என்று ஒரு ஜோடி பிறக்கும். இந்த ஜோடி திரும்பச் சேர்ந்து அழிவதற்குள் அந்த எல்லையை எட்டிவிட்டால், மின்புலம் எலக்ட்ரானை மேலேயும் துளையைக் கீழேயும் பிரித்து அனுப்பிவிடும். மேல்முகத்தில் இருக்கும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் எலக்ட்ரானை வாங்கி வெளிச்சுற்றுக்கு விடுகின்றன. அது சுமை வழியாகச் சுற்றி, பின்பக்க அலுமினியத் தளத்துக்கு வந்து துளையோடு சேர்கிறது. எதுவும் தீர்வதில்லை, தேய்வதில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் எத்தனை ஃபோட்டான் வருகிறது என்பதைப் பொறுத்தது, அதாவது வெயில் பாதியானால் கரண்ட்டும் பாதி. வோல்டேஜ் சிலிக்கானின் குணத்தைப் பொறுத்தது. உங்கள் லேபிள் 49.4 வோல்ட். 144 அரைச் செல் (பாதியாக வெட்டிய செல்) பேனலில் தொடரில் இருப்பது 72தான். வகுத்தால் செல்லுக்கு 0.686 வோல்ட். காலை 7 மணி மங்கல் வெளிச்சத்திலேயே ஸ்ட்ரிங் வோல்டேஜ் ஏறி நிற்பதும், கரண்ட் மட்டும் மெதுவாக ஏறுவதும் இதனால்தான்.

1.12க்குக் குறைந்த ஆற்றல் என்றால் 1100 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பு. அது செல்லில் பிடிபடாமலே போகும். சூரிய ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படி. நீல ஒளியின் ஃபோட்டானில் ஆற்றல் கூடுதல், ஆனால் அதுவும் ஒரே ஒரு ஜோடியைத்தான் தரும். மிச்சம் சூடு. இப்படிச் சூடாகப் போவது மூன்றில் ஒரு பங்கு. ஒரே ஒரு சந்தி உள்ள சிலிக்கான் செல்லுக்குக் கோட்பாட்டு உச்சமே 29.4 சதவீதம் என்பது இவற்றையும், ஜோடிகள் தவிர்க்க முடியாமல் மீண்டும் சேர்வதையும் கழித்த பிறகுதான். 1954இல் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் காட்டியது 6 சதவீதம். உங்கள் பேனல் 21ஐ ஒட்டி இருக்கும்.

#3 கம்பியாள்

சார், உங்க பேனலுக்கு ஒண்ணும் ஆகலை. மதிய கணக்கை நேரா போட்டுப் பார்க்கலாம்.

540 வாட் என்பது சோதனைக்கூடத்து எண். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல் சூடு 25 டிகிரி. திருச்சியில் மே மதியம் செல் 25 டிகிரியில் இருக்குமா? லேபிளில் நாக்ட் (வெயிலில் ஓடும்போது செல் எட்டும் வழக்கமான சூடு) என்று 45 டிகிரி போட்டிருப்பான். அதை வைத்துச் செல் சூட்டைக் கணக்கிடலாம்: காற்றின் சூடு + (45 − 20) ÷ 800 × ஒளி. காற்று 36 டிகிரி, ஒளி 900 வாட் என்று வையுங்க. 36 + 28 = 64 டிகிரி.

பெர்க் பேனலுக்கு டிகிரிக்கு 0.35 சதவீதம் திறன் குறையும். 25க்கு மேல 39 டிகிரி. 13.65 சதவீதம் அவுட்.

3240 × 0.9 = 2916. சூட்டுக்குக் கழித்தால் 2518. தூசிக்கு 3 சதவீதம் போட்டால் 2442. டிசி கேபிள் 1 சதவீதம், 2418. இன்வெர்ட்டர் 97 சதவீதம், 2345. நீங்க பார்த்தது 2.35. இதுக்கு மேல என்ன வேணும்?

கேபிள் 1 சதவீதம் எப்படின்னா, 4 சதுர மி.மீ. சோலார் கேபிள் கிலோமீட்டருக்கு 5.1 ஓம். பேனலிலிருந்து இன்வெர்ட்டர் 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர், 0.2 ஓம். 12 ஆம்பியரில் 2.4 வோல்ட். 213இல் அது 1.1 சதவீதம்.

#4 நிழல்மானி

> ஒளி 900 வாட் என்று வையுங்க

உச்சி வெயிலில் ஏன் 1000 இல்லை என்று யாராவது கேட்பார்கள், அதனால் இது. திருச்சி 10.8 டிகிரி வட அட்சம். ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். மே நடுவில் 8, 9 டிகிரி வடக்கு. பேனலோ 12 டிகிரி தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்கிறது. இடைக்கோணம் 21 டிகிரி, அதன் கோசைன் 0.93. நேரடி ஒளியில் 7 சதவீதம் அங்கேயே போயிற்று.

அதற்காகச் சாய்வை மாற்ற வேண்டாம். டிசம்பரில் சூரியன் தெற்கே 34 டிகிரி இறங்கும்போது இடைக்கோணம் 22தான். இரண்டு பக்கமும் சமமாக விட்டுக்கொடுத்து, மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஏறக்குறைய நேருக்கு நேர் நிற்கிறது. நம் அட்சத்தில் 10 முதல் 15க்குள் எந்தச் சாய்வும் ஆண்டுக் கணக்கில் பெரிதாக மாறாது. 10க்குக் கீழே போனால்தான் வேறு தொல்லை: மழைநீர் வழியாமல் கீழ்ச் சட்டத்தை ஒட்டி நின்று காய்ந்து, சேறு ஒரு பட்டையாகப் படிந்து, கீழ்வரிசை செல்களை மறைக்கும்.

#5 திருச்சிக்கூரை

கணக்கு அச்சு அசலா ஒத்துப்போகுது, நன்றி. ஆனால் சூடானால் ஏன் திறன் குறையணும்? வெயில் கூட இருக்கிறப்ப கரண்ட் கூடத்தானே வரணும்?

அப்புறம், போன வாரம் கோடை மழை விட்டதும் ரெண்டு மூணு நிமிஷம் 3.0 காட்டுச்சு. நேர்கோடு மாதிரி. அது எப்படி?

#6 குறைகடத்தி

கரண்ட் கூடத்தான் செய்கிறது, டிகிரிக்கு 0.05 சதவீதம் அளவுக்கு. அடி வாங்குவது வோல்டேஜ். சூடு ஏற ஏற, வெளிச்சத்தின் உதவி இல்லாமலே பிணைப்பை விட்டு வெளியேறும் எலக்ட்ரான்கள் பெருகும். சந்திக்குக் குறுக்கே திரும்பிக் கசியும் மின்னோட்டம் அதிகமாகும். அந்தக் கசிவு கூடும்போது செல் தாங்கக்கூடிய வோல்டேஜ் இறங்கும். செல்லுக்கு டிகிரிக்கு கிட்டத்தட்ட 2 மில்லிவோல்ட். ஒன்றுக்குப் பார்த்தால் அற்பம். 6 பேனலில் தொடராக 432 செல், 39 டிகிரி என்று பெருக்கினால் முப்பது வோல்ட்டுக்கு மேல்.

உங்கள் ஆப் எண்ணே சாட்சி. 41.6 × 6 = 249.6 வோல்ட் இருக்க வேண்டியது 213. கரண்ட் 13க்குப் பதில் 11.4, அது ஒளியும் தூசியும் குறைத்தது. வோல்டேஜ் குறைந்தால் சூட்டைப் பாருங்கள், கரண்ட் குறைந்தால் ஒளியையும் அழுக்கையும் பாருங்கள்.

3.0 காட்டியது உண்மையான உற்பத்திதான். மழை பேனலைக் குளிர்வித்துக் கழுவியும் விட்டது. மேகத்தின் விளிம்பு சிதறடிக்கும் ஒளி நேரடி வெயிலோடு சேரும்போது சில நிமிடம் 1000 வாட்டைத் தாண்டும். பேனல் தயாராக இருந்தது, இன்வெர்ட்டர் தன் 3 கிலோவாட்டில் தலையை வெட்டிவிட்டது. அதுதான் நேர்கோடு.

#7 மாடிவீடு77

அப்போ மதியம் பேனல் மேல தண்ணி ஸ்பிரே பண்ணா 10 சதவீதம் கூட வரும்தானே? டெரஸ்ல குழாய் இருக்கு.

#8 கம்பியாள்

செய்யாதீங்க. 64 டிகிரி கண்ணாடியில் குளிர்ந்த தண்ணி அடித்தால் கண்ணாடி விரிசல் விடலாம். போர் தண்ணி என்றால் காய்ந்ததும் வெள்ளை உப்புப் படலம், அதைச் சுரண்டினால் கண்ணாடியின் மேல்பூச்சு போச்சு. மோட்டார் ஓடுற கரண்டையும் கணக்கில் எடுங்க.

கழுவுறதுன்னா விடியற்காலை, பேனல் ஆறியிருக்கும்போது. வெறும் தண்ணி, மெத்தென்ற துடைப்பம், சோப்புத்தூள் வேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் போதும். லாரி ஓடும் சாலைப் பக்கமோ செங்கல் சூளைப் பக்கமோ வீடு இருந்தால் வாரம் ஒருமுறை. பறவை எச்சம் மட்டும் பார்த்த அன்றே துடைக்கணும்.

#9 நிழல்மானி

எச்சத்துக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்றால்: ஒரு பைபாஸ் டயோடின் (மறைந்த செல்களைத் தாண்டிக் கரண்ட் போக மாற்றுவழி தரும் டயோடு) பொறுப்பில் 24 செல் தொடர். அதில் ஒன்றே ஒன்று மறைந்தால், மீதி 23 செல்லின் வோல்டேஜும் அந்த ஒரு செல்லின் மேல் தலைகீழாக ஏறும். 13, 14 வோல்ட் வரை. உற்பத்தி செய்ய வேண்டிய செல் ஹீட்டர் ஆகிவிடும். இதைத்தான் ஹாட்ஸ்பாட் என்கிறோம். பின்ஷீட் பழுப்பேறும், கண்ணாடி வெடிக்கவும் செய்யும். டயோடு திறப்பதால் சேதம் ஓர் அளவோடு நிற்கிறது, ஆனால் சூடு பூஜ்ஜியம் ஆகாது.

இப்போது உங்கள் 4 மணி விவகாரம். இதுதான் இந்த இழையிலேயே சுவாரசியமான பகுதி.

அரைச் செல் பேனலில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் பேரலல். கீழே நிழல் விழுந்தால் பாதி கரண்ட்டாவது வரும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். தனிப் பேனலுக்கு அது சரி. ஆனால் உங்களுடையது இன்னும் ஐந்து பேனலோடு தொடரில் இருக்கிறது. தொடர்ச் சுற்றில் எல்லோர் வழியாகவும் ஒரே கரண்ட்தான் போக முடியும். எனவே இன்வெர்ட்டருக்கு முன்னால் இரண்டு வழி.

ஒன்று, ஸ்ட்ரிங் முழுவதையும் நிழல் பேனலின் கரண்ட்டுக்கு இறக்குவது. 4 மணிக்கு முழுக் கரண்ட் 6.3 ஆம்பியர் என்றால், நிழல் பேனல் தருவது, நிழலிலும் விழும் வான்வெளிச்சத்தைச் சேர்த்து, 4 ஆம்பியர் சுமார். ஆறு பேனலும் வோல்டேஜ் தரும்: 230 × 4 = 920 வாட்.

இரண்டு, 6.3 ஆம்பியரையே இழுப்பது. நிழல் பேனலின் மூன்று டயோடும் திறந்து அதைத் தாண்டிப் போகும். ஐந்து பேனல் வோல்டேஜ் மட்டும்: 186 × 6.3 = 1170 வாட்.

திறன் வளைகோட்டில் இப்படி இரண்டு மேடு இருக்கும். சாதாரண எம்பிபிடி (அதிகத் திறன் வரும் வோல்டேஜைத் தேடிப் பிடிக்கும் இன்வெர்ட்டர் பகுதி) செய்வது வோல்டேஜைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்து, திறன் கூடினால் அதே பக்கம், குறைந்தால் எதிர்ப்பக்கம். நிழல் மெதுவாக ஏறும்போது அது முதல் மேட்டிலேயே மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் இதைவிட உயரமான மேடு இருப்பதே அதற்குத் தெரியாது. உங்கள் 0.88 கிலோவாட் ஏசி, 920 வாட் டிசிக்குச் சரியாகப் பொருந்துகிறது.

நிழல் நேரத்தில் ஆப்பில் டிசி வோல்டேஜ் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். 230ஐ ஒட்டி இருந்தால் நான் சொன்னதுதான். 186 அளவில் இருந்தும் திறன் குறைவாக இருந்தால் வேறு எங்கோ தேட வேண்டும்.

#10 திருச்சிக்கூரை

231 வோல்ட், 4.0 ஆம்பியர்.

#11 நிழல்மானி

அப்படியானால் மாட்டிக்கொண்டதுதான். இன்வெர்ட்டர் அமைப்பில் நிழல் ஸ்கேன், அல்லது மல்டி பீக் ஸ்கேன், அல்லது குளோபல் எம்பிபிடி என்று ஒன்று இருக்கும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள், சில மாடலில் நிறுவுநரின் கடவுச்சொல் வேண்டும். அதைப் போட்டுவிட்டால் சில நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜ் எல்லை முழுக்க ஒரு நடை போய்ப் பார்த்து, உயர்ந்த மேட்டில் உட்காரும். ஸ்கேன் செய்யும் சில வினாடி உற்பத்தி விழும், நிழலே இல்லாத கூரைக்கு அது வீண் செலவு. இன்வெர்ட்டரின் எம்பிபிடி கீழ் எல்லையையும் பாருங்கள், 186 அதற்குள் இருக்க வேண்டும். 80 அல்லது 90 வோல்ட்டில் தொடங்கும் மாடல் என்றால் கவலையில்லை.

#12 மேட்டூர்க்காரன்

நிழல் எல்லாம் சரி, ஒரு டயோடே பழுதாகி ஷார்ட் ஆகியிருந்தாலும் வோல்டேஜ் குறையுமே, அதை எப்படிப் பிரித்தறிவது?

#13 கம்பியாள்

நல்ல கேள்வி அண்ணே. ஷார்ட் ஆன டயோடு நாள் முழுக்க ஒரே அளவு வோல்டேஜைத் தின்னும். நிழல் நேரம் பார்த்து வந்து போகும். ஒரு டயோடு போனால் பேனலில் மூணில் ஒரு பங்கு, லேபிள்படி 16.5 வோல்ட், வெயில் சூட்டில் 15 வோல்ட் குறையும். ஓப்பன் சர்க்யூட்டில் பேனல் பேனலா அளந்தால் தனியா தெரிஞ்சிடும்.

அளக்கும் வரிசை முக்கியம். முதலில் இன்வெர்ட்டரின் ஏசி எம்சிபி ஆஃப். உற்பத்தி நின்றதும் டிசி ஐசொலேட்டர் (பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப். உள்ளே கெப்பாசிட்டர் இறங்க ஐந்து நிமிடம் விடுங்க. கிளாம்ப் மீட்டரில் டிசி கரண்ட் பூஜ்ஜியம் என்று பார்த்த பிறகுதான் எம்சி4 கனெக்டரில் (பேனல் கேபிள்களை இணைக்கும் பிளக்) கை வைக்கணும். கரண்ட் ஓடும்போது கழற்றினால் ஆர்க் பிடிக்கும். ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியம் தொடும், ஆர்க் தானே அணையும். டிசிக்கு அந்தப் பேச்சே இல்லை, கனெக்டர் உருகுற வரைக்கும் எரியும். இன்னொன்று, ஐசொலேட்டரை ஆஃப் செய்தாலும் வெயில் இருக்கிற வரை பேனல் பக்கம் 290 வோல்ட் உயிரோடதான் இருக்கும். கையுறை இல்லாமல் ஏறாதீங்க. 600 வோல்ட் டிசி தாங்கும் மீட்டர்தான் எடுக்கணும்.

எம்சி4 பேச்சு வந்ததால: வேற வேற கம்பெனி ஆண் பெண் கனெக்டர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு "டிக்"னு உட்காரும், ஆனா தொடுபரப்பு சரியா ஒட்டாது. கட்டிங் பிளேயரால் அமுக்கின கிரிம்பும் அப்படித்தான். 0.05 ஓம் கூடினால் போதும், 12 ஆம்பியரில் 7 வாட் சூடு அந்தக் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்கில். கூரைத் தீ பலதும் பேனலில் தொடங்குவதில்லை, இங்கேதான் தொடங்குது. மதியம் தெர்மல் கேமராவில் பார்த்தால் மோசமான கனெக்டர் பக்கத்தில் இருப்பதைவிட 10, 15 டிகிரி கூடத் தெரியும்.

#14 மாடிவீடு77

எங்க வீட்ல மதியம் 12 மணிக்கு இன்வெர்ட்டரே கட் ஆகி அஞ்சு நிமிஷம் கழிச்சு வருது. கிரிட் ஓவர் வோல்டேஜ்னு காட்டுது. கரண்ட் போனா அதுவும் நின்னுடுது. சோலார் இருந்தும் ஃபேன் ஓடலைன்னா என்ன பிரயோஜனம்?

#15 மேட்டூர்க்காரன்

கரண்ட் போனால் நிற்பது கோளாறு அல்ல, பாதுகாப்பு. லைன் போனால் இன்வெர்ட்டர் நிற்க வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு உங்கள் கூரை மின்சாரம் பாயும். மின்தடையிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர்தான் வேண்டும்.

மதியம் கட் ஆவதற்குக் காரணம் கம்பி. மின்சாரத்தை வெளியே தள்ள இன்வெர்ட்டர் தன் முனையில் லைனைவிடக் கொஞ்சம் வோல்டேஜை உயர்த்தியாக வேண்டும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் 30 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றால் போக வர 0.44 ஓம், 5.8 வோல்ட் ஏறும். 4 சதுர மி.மீ. போட்டிருந்தால் 3.6தான். லைனே 248 இருக்கும் ஊரில் இந்த 2 வோல்ட் வித்தியாசம்தான் கட் ஆவதையும் ஆகாததையும் தீர்மானிக்கும். உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போது மீட்டர் முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் ஒரே நேரம் அளந்து பாருங்கள். வித்தியாசம் 4 வோல்ட்டுக்கு மேல் என்றால் கம்பியை மாற்றுங்கள். மீட்டர் முனையிலேயே 250 தாண்டினால் அது டிரான்ஸ்பார்மர் டேப் (அதன் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) விவகாரம், வாரியத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது. இன்வெர்ட்டரின் எல்லையை நீங்களாகவே உயர்த்தி வைக்காதீர்கள், வீட்டு ஃபிரிட்ஜும் டிவியும் அந்த வோல்டேஜில்தான் ஓடும்.

#16 திருச்சிக்கூரை

ஸ்கேன் போட்டாச்சு. நிழல் விழுந்ததும் 187 வோல்ட், 6.2 ஆம்பியர், ஏசி 1.12. முன்னே 0.88.

டாப்கான்னு சொல்ற வேற வகை சிலிக்கான் பேனலா மாத்தினா மதிய இழப்பு குறையும்னு ஒருத்தர் சொல்றார். தேவையா? டேங்கை நகர்த்த வழியில்லை, அந்த ஒரு பேனலை மட்டும் ஏதாவது செய்யலாமா?

#17 குறைகடத்தி

டாப்கானில் டிகிரிக்கு 0.30 அல்லது சற்றுக் குறைவு. உங்கள் 39 டிகிரிக்கு மிச்சமாவது 2 சதவீதம் சுமார், மதியத்தில் 50 வாட். புதிதாகப் போடுபவர் யோசிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் பேனலைக் கழற்ற இது காரணமே அல்ல. நாளொன்றுக்குக் கிலோவாட்டுக்கு 4 யூனிட் ஆண்டுச் சராசரி வந்தால், அதாவது உங்களுக்கு 13 யூனிட்டை ஒட்டி, அமைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள்.

#18 நிழல்மானி

அந்தப் பேனலைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பாருங்கள். மூன்று டயோடும் பேனலின் நீளவாக்கில் மூன்று பட்டையாகப் பிரித்துக் காக்கின்றன. இப்போது நெடுக்காக நிற்பதால் கீழே விழும் நிழல் மூன்று பட்டையையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. கிடைமட்டமானால் கீழ்ப்பட்டை ஒன்றை மட்டும் தொடும், மூன்றில் இரண்டு பங்கு வோல்டேஜ் தப்பிக்கும். பேனலின் அகலம் 113 செ.மீ., ஆக நிழலின் உயரம் 38 செ.மீ. தாண்டாதவரை இந்தக் கணக்கு. தாண்டினால் இரண்டாவது பட்டையும் போகும். டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் இறங்குவதால் டேங்க் நிழல் வடக்கே நகர்ந்து மேல்பக்கமாக வரும், திருப்புவதற்கு முன் அந்த மாத நிழல் எங்கே விழும் என்று மொபைல் சூரியப்பாதை ஆப்பில் பார்த்துவிடுங்கள்.

#19 கம்பியாள்

திருப்பும்போது ரெண்டு விஷயம். கிளாம்ப் எந்த இடத்தில் பிடிக்கலாம்னு பேனல் கையேட்டில் படம் இருக்கும். குட்டைப் பக்கத்தில் பிடிக்க எல்லா மாடலுக்கும் அனுமதி இல்லை, அனுமதி இருந்தாலும் காற்றுத் தாங்குதிறன் குறைச்சலா போட்டிருப்பான். அதனால் ரெயிலை மாத்தி நீளப் பக்கத்திலேயே பிடிங்க. எர்த் வயரைத் திரும்ப மாட்டும்போது சட்டத்தின் ஆனோடைஸ் பூச்சைக் குத்திக்கொண்டு போற பல் வாஷர் போடணும். சாதா வாஷர் போட்டால் பார்க்க இறுக்கமா இருக்கும், எர்த் பிடிக்காது. மாட்டி முடிச்சதும் மீட்டரை ஓம்ஸில் வைத்து, சட்டத்தின் கீறின இடத்துக்கும் எர்த் பட்டைக்கும் தொடர்ச்சி பாருங்க.